கண்ணுக்கு வாங்கிய காதுப் பெட்டி

மண்சட்டி வாங்கச் சந்தைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்கள் அதன் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்கிறார்கள். கணீரென்று ஒலித்தால் கூடைக்குள் போகும். 'சொத்'தென்று ஒலித்தால் கடைக்காரரிடமே திரும்பும். தேங்காயை ஆட்டிப் பார்க்கிறோம். அரிசியை இரண்டு மணி வாயிலிட்டு மென்று பார்க்கிறோம். அவிநாசியிலும் திருப்பூரிலும் பனியன் துணி வாங்குகிறவர் கண்ணை மட்டும் நம்பி ஒரு முழம்கூட வாங்கமாட்டார். வட்டக் கத்தியால் நூறு சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் வைக்கிறார். 1.6 கிராம் இருந்தால் 160 ஜி.எஸ்.எம். என்று கணக்கிடுகிறார். ஓரிடத்தில் அளவு குறித்துத் துவைத்துக் காயவைத்து, எத்தனை விழுக்காடு சுருங்கியது என்று மறுபடி அளக்கிறார். சொன்னதற்கு மேல் சுருங்கினால் சரக்கு திரும்பிப் போகிறது.

இத்தனை விழிப்புடைய ஊரில், காதால் கேட்பதற்கென்றே படைக்கப்பட்ட ஒரு பொருளை மட்டும் கண்ணால் பார்த்தே வாங்குகிறார்கள். அதுதான் இப்போது கடைதோறும் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்திருக்கும் 'பழைய பாணி' வானொலிப் பெட்டி. கடைமொழியில் சொன்னால் 'ரெட்ரோ ரேடியோ'. இதைப் பற்றிச் சில சொற்கள் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இந்த மோகம் பெருகியதற்கு ஓர் ஆண்டைக் குறிப்பிடலாம். 2017இல் சரிகம நிறுவனம் 'காரவான்' என்னும் பெட்டியை வெளியிட்டது. எச்.எம்.வி. என்ற பெயரால் நம் பாட்டன்மார் அறிந்திருந்த கிராமபோன் கம்பெனியின் வழிவந்த நிறுவனம் அது. பழைய டிரான்சிஸ்டரின் தோற்றம், உள்ளே ஐயாயிரம் பாடல்கள், கூடவே பண்பலை வானொலி. பின்னர் தமிழ்ப் பாடல்களுக்கென்றே தனிப் பதிப்பும் வந்தது. அதன் மீது நமக்கு வழக்கு ஏதுமில்லை. தன்னிடம் இருந்த பாடல் களஞ்சியத்தை, கைபேசி பழகாத முதியவர் ஒரு குமிழைத் திருகிக் கேட்கும்படி செய்தது நல்ல எண்ணமே. ஆனால் ஒன்று விலைபோனதைக் கண்டதும் நூறு பெட்டிகள் படையெடுத்தன. அவற்றில் பலவும் கடன் வாங்கியது முகத்தை மட்டுமே.

அதே 2017ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், 1941 முதல் லண்டனிலிருந்து ஒலித்துவந்த பி.பி.சி.யின் 'தமிழோசை' சிற்றலை ஒலிபரப்பு நின்றுபோனது. வானொலியின் உருவம் நடுக்கூடத்திற்கு அலங்காரமாகத் திரும்பி வந்த ஆண்டிலேயே, அந்த உருவத்திற்குப் பெருமை தேடித் தந்த குரல்களில் ஒன்று விடைபெற்றது. காலத்தின் கேலி என்று இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அவிநாசியில் நாம் கண்டது நம்மை நகரவிடவில்லை.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நண்பர் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் பணியாற்றுகிறார். அவருடைய அத்தா முப்பதாண்டுக்கு மேல் விசைத்தறியில் நின்றவர். கண்பார்வையும் குறைந்துவிட்டது, செய்தித்தாள் படிக்க முடிவதில்லை. பெருநாள் அன்பளிப்பாக மகன் வாங்கிக் கொடுத்த பெட்டி சன்னலோரத்தில் இருந்தது. தேக்கு நிறம், பித்தளை நிறக் குமிழ்கள், முகப்பில் துணி வலை, மஞ்சள் விளக்கு எரியும் அலைவரிசைத் தகடு. பார்த்த மாத்திரத்தில் நமக்கும் மனம் குழைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அறுபதுகளின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்ததைப் போலிருந்தது.

பெட்டி பாடிக்கொண்டும் இருந்தது. பெரியவரிடம், "ரேடியோ எப்படிங்க இருக்கு?" என்று கேட்டோம்.

"சத்தம் நல்லாத்தான் வருது பாய். சொல்லுதான் வெளங்க மாட்டேங்குது" என்றார். பிறகு, மகன் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று அஞ்சியவராக, "பையன் ஆசையா வாங்கியிருக்கான். பாக்க அழகா இருக்கு, இருக்கட்டும்" என்றார்.

பார்வை மங்கியவருக்குப் பார்க்க அழகான வானொலி! இந்தக் கொடுமைக்கு மகனை நோவதா? அவர் அன்பால் வாங்கினார். அந்த அன்பை எடை குறைத்து விற்ற வணிகத்தையும், எடைபோடாமல் வாங்கும் நம் வழக்கத்தையும்தான் நோக வேண்டும்.

பெரியவரின் குறை அவர் ஒருவருடைய குறையன்று. அவிநாசி, சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் தறிக்குடோன்களுக்குள் ஒருமுறையேனும் நுழைந்தவர்க்கு இது விளங்கும். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கும் கையசைவும் வாயசைவும்தான் துணை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வகுத்த உச்ச வரம்பு. தறிகள் ஒருசேர ஓடும் கொட்டகையின் இரைச்சல் அந்த வரம்பைத் தாண்டுவது வழக்கம். இருபது, முப்பது ஆண்டுகள் அதில் நின்ற காது என்னவாகும்? முதலில் கூர்மையான, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் தேய்கிறது. முதுமையும் அதே திறனைத்தான் முதலில் தின்கிறது. தாழ்ந்த ஒலி நெடுநாள் தங்கியிருக்கும்.

நம் பேச்சில் உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த ஒலியிலும், வல்லின மெய்களின் வேறுபாடு உயர்ந்த ஒலியிலும் அமைந்திருக்கிறது. ஆகவே உயர்ந்த ஒலி கேளாதவர்க்கு ஓசை கேட்கும், எழுத்து கேட்காது. சட்டம், பட்டம், கட்டம் மூன்றும் ஒன்றாகிவிடும். 'சத்தம் வருது, சொல்லு வெளங்கல' என்று அந்தப் பெரியவர் சொன்னது மருத்துவர் எழுதித் தரக்கூடிய குறிப்பைப் போலத் துல்லியமானது. இத்தகைய காதுகள் ஆயிரக்கணக்கில் வாழும் வட்டாரத்தில், சொல்லைத் தெளிவாகத் தரும் வானொலி ஆடம்பரமன்று. முதியவர்க்கு உலகத்தோடு எஞ்சியிருக்கும் ஒரு சன்னல்.

அனுமதி பெற்று அந்தப் பெட்டியை மேசைமீது வைத்து ஆராய்ந்தோம். எந்த நிறுவனத்துப் பெட்டி என்பது இங்கே தேவையில்லை. இந்தக் குறைகள் ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடுவனவுமல்ல.

முதலில் தோற்றம். மரமென்று நாம் எண்ணியது மரமன்று. மரத்தின் வரிகளை அச்சிட்ட தாள் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக். மரம் விலையுயர்ந்தது, பிளாஸ்டிக் மலிவானது என்பதால் நாம் இதைக் குறை கூறவில்லை. பழைய வால்வு வானொலிகளில் மரம் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதா? அது ஒலியின் வீடு. மர்பி, புஷ், பிலிப்ஸ் பெட்டிகளின் கனத்த மரச்சுவர், ஸ்பீக்கர் அதிரும்போது தானும் சேர்ந்து அதிர்ந்து குளறாமல் நின்றது. மெல்லிய பிளாஸ்டிக் சுவரோ ஸ்பீக்கரோடு போட்டியிட்டுப் பாடுகிறது. சில சுரங்களில் 'கிர்ர்' என்று முனகுகிறது. விரல் முட்டியால் அந்தப் பெட்டியைத் தட்டினோம். மண்சட்டி வாங்கும் எந்தப் பெண்ணும் அதை அக்கணமே திருப்பிக் கொடுத்திருப்பாள்.

அடுத்து முகப்புத் துணி. பழைய பெட்டிகளின் முன்புறம் இழை நெருக்கம் குறைந்த துணி கட்டியிருப்பார்கள். காற்றை மறிக்காமல் ஒலியை வெளியே விடுவதும், தூசியைத் தடுப்பதும் அதன் வேலை. இந்தப் பெட்டியில் துணியின் பின்னலைப் பிளாஸ்டிக்கில் அச்சாக அழுத்தி, அதற்குள் சில துளைகளை மட்டும் விட்டிருந்தார்கள். நூலையும் பின்னலையும் தொட்டுப் பிழைக்கும் ஊரில், துணியைப் போல் வேடமிட்ட பிளாஸ்டிக்கைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்!

மூன்றாவது அலைவரிசைத் தகடு. அந்நாளையப் பெட்டிகளின் கண்ணாடித் தகட்டில் கொழும்பு, டில்லி, லண்டன் என்று ஊர்ப்பெயர்கள் இருக்கும். குமிழைத் திருகினால் உள்ளே கயிறும் கப்பியும் சுழன்று முள்ளை நகர்த்தும். குமிழ் பலமுறை சுற்றினால்தான் முள் சிறிது நகரும். நெருங்கி நிற்கும் இரண்டு நிலையங்களில் வேண்டியதைப் பிடிக்க அது உதவியது. அது வேலை செய்யும் அழகு. இந்தப் பெட்டியின் தகட்டிலோ மத்திய அலைக்குரிய எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. பெட்டிக்குள் மத்திய அலை இல்லை! பண்பலை மட்டுமே இருந்தது. மத்திய அலை இல்லாதது குற்றமன்று. அந்தப் பரப்பிகள் நாட்டில் பல இடங்களில் அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டுவிட்டன. ஆனால் இல்லாத ஒன்றின் எண்களை முகத்தில் எழுதிக்கொள்வது என்ன நேர்மை? 999 கிலோஹெர்ட்ஸில் கோவை நிலையத்தைக் கேட்டு வளர்ந்த பெரியவர், அந்த எண்ணருகே முள்ளைக் கொண்டுபோய் நிறுத்தி நெடுநேரம் காத்திருந்தாராம். இதை அவருடைய பேத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி ஒலியைப் பார்ப்போம். பெட்டி ஓரளவு பெரியது. அதன் ஸ்பீக்கரோ இரண்டு அங்குலம். பழைய மேசை வானொலிகளில் ஐந்து அங்குலம் முதல் எட்டு அங்குலம் வரை ஸ்பீக்கர் இருக்கும். எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு, இரண்டு அங்குல வட்டத்தைப் போல் பதினாறு மடங்கு. ஒலி என்பது காற்றைத் தள்ளுவதுதான். தாழ்ந்த ஒலியை எழுப்பக் காற்றை மிகுதியாகத் தள்ள வேண்டும். ஒலி ஒரு மடங்கு தாழ்ந்து பாதி அதிர்வெண்ணுக்கு இறங்கினால், அதே உரப்புக்கு ஸ்பீக்கரின் தாள் நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் ஆடியாக வேண்டும். சிறு தாளால் அது முடியாது. ஆகவே தயாரிப்பாளர் ஒரு தந்திரம் செய்கிறார். மின்சுற்றுக்குள்ளேயே தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்குகிறார். கடையில் இரண்டு நிமிடம் கேட்பவர்க்கு 'ஆகா, என்ன கனம்!' என்று தோன்றும். வீட்டில் ஒலியைச் சற்றே கூட்டினால் அந்தச் சிறிய தாள் மூச்சுத் திணறுகிறது, பெட்டியும் அதிர்கிறது. ஊதிய தாழ்ந்த ஒலி, நடுவில் இருக்கும் மனிதக் குரலின் மேல் போர்வையைப் போலக் கிடக்கிறது. தறியில் தேய்ந்த காதுக்கு எந்த ஒலி தேவையில்லையோ அது மிகுகிறது; எது தேவையோ அது புதைகிறது.

பேச்சு விளங்குவதற்கு மிகப் பெரிய கருவி வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. அதிலே பெண் கேட்டோம், பிள்ளை பிறந்த செய்தி கேட்டோம், மவுத்துச் செய்தியும் கேட்டோம். ஒரு சொல் தவறவில்லை. ஆகவே நாம் கேட்பது பேரொலியன்று; நடுக்குரலின் தூய்மை. அதைக் கொடுக்க இயலாத பெட்டிக்குப் பித்தளை நிறக் குமிழ் எதற்கு?

இங்கே சிலர் மறுப்புரைக்க வருவார்கள் என்பது தெரியும்.

'பழைய ரேடியோ மட்டும் என்ன வாழ்ந்தது? கரகரப்பும் இரைச்சலும்தானே' என்பார்கள். உண்மை. பழமை என்பதனாலேயே ஒன்றைத் தொழுது நிற்பவர் அல்லர் நாம். மத்திய அலையில் சுமார் ஐந்தாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் வந்தது. பண்பலையில் பதினைந்தாயிரம் வரை வருகிறது. 1977 ஜூலையில் சென்னையில் வானொலி நிலையம் பண்பலையைத் தொடங்கியபோது அதைக் கேட்டவர்கள் வியந்ததில் பொருளுண்டு. இடி மின்னல் காலத்தில் பழைய பெட்டி பட்ட பாடும், வால்வு சூடேறும்வரை நாம் காத்திருந்ததும் மறக்கவில்லை. 1980களின் நடுப்பகுதிவரை ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டியதையும் மறக்கவில்லை. நம் வாதம் பழையது சிறந்தது என்பதன்று. பழையதன் பெயரால் விற்கும்போது, பழையதில் சிறந்ததாக இருந்ததை விட்டுவிட்டு வெளித்தோலை மட்டும் விற்காதே என்பதே.

அந்தச் சிறப்பு எது? குரல். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடல் கடந்து கொங்கு நாட்டுத் திண்ணைகளுக்கு வந்த காலத்தில், பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் உச்சரிப்பைக் கேட்டு லகர ளகர ழகர வேறுபாடு கற்றுக்கொண்டோர் எத்தனை பேர்! நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் கம்பீரக் குரல் அந்த மரப்பெட்டிகளில் ஒலித்தபோது, தெருவில் போகிறவரும் ஒரு சொல் தவறாமல் கேட்டு நின்றார். 2015இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் குரலைக் கேட்க விரும்புகிற பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் குரலின் உச்சத்தை இரண்டு அங்குலத் தாளும் நடுங்கும் பிளாஸ்டிக்கும் என்ன செய்கின்றன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

'இது அன்பளிப்புப் பொருள்; அழகாக இருந்தால் போதும்' என்பது இன்னொரு மறுப்பு. அழகுப் பொருள் வேண்டுமென்றால் பூச்சாடி வாங்கலாமே! வானொலி என்று பெயரிட்டு விற்றால் அது வானொலியின் கடமையைச் செய்ய வேண்டும். கடிகாரம் அழகாக இருந்து நேரம் தவறாகக் காட்டினால் அன்பளிப்பென்று பொறுத்துக்கொள்வோமா? பெறுகிறவர் முதியவர் என்பதால், அவர் வாய்திறந்து குறை சொல்லமாட்டார் என்பதால், எதையும் கொடுக்கலாமா?

'கைபேசியில் எல்லாம் கேட்கலாம். ரேடியோவே எதற்கு' என்பாரும் உளர். கண் மங்கிய முதியவர் வழுவழுப்பான கண்ணாடியில் எதைத் தொட்டு எதைக் கண்டுபிடிப்பார்? ஒரு குமிழ் திறக்க, ஒரு குமிழ் நிலையம் மாற்ற என்று விரலே கண்ணாக இயங்கும் கருவிக்கு இன்றும் தேவை இருக்கிறது. அந்தத் தேவை உண்மையானது என்பதால்தான் அதன் பெயரால் நடக்கும் வேடம் நம்மைச் சினங்கொள்ளச் செய்கிறது.

'இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும்' என்பது வணிகரின் கடைசி மறுப்பு. ஒப்புக்கொள்ள முடியாது. அதே கடையின் கீழ்த்தட்டில், கறுப்பு நிறத்தில், எந்த அலங்காரமுமின்றி, நான்கு அங்குல ஸ்பீக்கரோடு ஒரு பெட்டி இதைவிடக் குறைந்த விலைக்கு இருந்தது. இரண்டுக்கும் இடையேயான பணம் எங்கே போனது? மரவரித் தாளுக்கும் பித்தளைப் பூச்சுக்கும் போனது. நம் நினைவை நமக்கே திருப்பி விற்பதற்கான கூலி அது.

தோற்றமும் ஒலியும் ஒன்றாகவே வர முடியாதோ என்று ஐயுற வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஹென்றி குளோஸ் என்ற ஒலிப்பொறியாளர் இருந்தார். 1960லேயே கே.எல்.எச். என்ற பெயரில் நல்ல மேசை வானொலி ஒன்றை உருவாக்கியவர். தம் இறுதிக் காலத்தில், 2000ஆம் ஆண்டில், டிவோலி நிறுவனத்திற்காக 'மாடல் ஒன்' என்ற பழைய பாணிப் பெட்டியை வடிவமைத்தார். அதில் இருந்தது ஒரே ஒரு மூன்று அங்குல ஸ்பீக்கர். ஆனால் பெட்டி கனத்த மரவேலை. நிலையம் பிடிக்கும் வட்டுக்கு ஐந்து சுற்றுக்கு ஒரு சுற்று என்னும் பற்சக்கர அமைப்பு. இரண்டு ஸ்பீக்கரைச் சாண் இடைவெளியில் வைத்து 'ஸ்டீரியோ' என்று விளம்பரம் செய்யாமல், ஒன்றை ஒழுங்காக ஒலிக்கச் செய்தார். அதன் அழகு, உள்ளே நடக்கும் வேலையின் அழகு. நம் பக்கத்துத் தச்சர்களும் மின்வினைஞர்களும் செய்ய முடியாத வித்தையன்று அது. வாங்குகிறவர் கேட்பதில்லை, ஆகவே எவரும் செய்வதில்லை.

பழமையைச் செயற்கையாக உண்டாக்கும் கலை அவிநாசி வட்டாரத்திற்குப் புதிதுமன்று. புதிய பனியனை என்சைம் சலவையில் இட்டு, பத்தாண்டு உடுத்தியதைப் போல் நிறம் மங்கச் செய்து கப்பலேற்றுகிறார்கள். வெளிநாட்டார் அதை விரும்பி வாங்குகிறார்கள். அதில் ஏமாற்று இல்லை. ஏனெனில் மங்கிய நிறத்திற்கு அடியில் துணியின் எடை சொன்னபடி இருக்கிறது. தையல் பிரியாமல் இருக்கிறது. சுருக்கம் அளவுக்குள் இருக்கிறது. இவற்றில் ஒன்று தவறினாலும் வாங்குபவர் சரக்கைத் தள்ளிவிடுவார் என்பது நம் மக்களுக்குத் தெரியும். பிறருக்கு விற்கும்போது இத்தனை தேர்வுகளுக்கு உட்படுகிற நாம், நமக்கு வாங்கும்போது ஒரு தேர்வும் வைப்பதில்லையே, ஏன்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்தபோது கையை உள்ளே நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சி முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. மேலே உலர்ந்திருந்த குவியல் உள்ளே ஈரமாயிருந்தது. மழை நனைத்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள் நாயகம் அவர்கள். நாம் பெரும்பாலும் இதை வணிகர்க்குரிய அறிவுரையாகவே சொல்லி முடிக்கிறோம். வாங்குபவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டல்லவா? மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்களே! வானொலியின் குவியலுக்குள் கையை விடுவதென்றால் காதைக் கொடுப்பதுதான்.

எனவே குடும்பத்தார்க்கு நாம் சொல்வது இது. பெற்றோருக்காக வானொலி வாங்கப் போகிறவர்கள் கடையில் பத்து நிமிடம் செலவிடுங்கள். பெட்டியை முட்டியால் தட்டிப் பாருங்கள். பாட்டைப் போட்டுக் காட்டினால் நிறுத்தச் சொல்லி, செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்கள். பாட்டு குறையை மறைக்கும், பேச்சு காட்டிக்கொடுக்கும். நான்கு அடி தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். ஊர்ப்பெயரும் எண்ணும் விளங்குகின்றனவா என்று பாருங்கள். ஒலியை முக்கால் அளவுக்குக் கூட்டுங்கள். குரல் தடித்துப் போகிறதா, பெட்டி முனகுகிறதா என்று கவனியுங்கள். கோடைப் பண்பலை 100.5, கோவையின் 103 ஆகியவற்றைத் தேடுங்கள். பக்கத்து நிலையம் மேலே ஏறாமல் தனித்து நிற்கின்றனவா என்று பாருங்கள். முடிந்தால் கேட்கப் போகிறவரையே அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி வாங்க அவரை அழைத்துப் போகிறோம். செருப்பு வாங்க அழைத்துப் போகிறோம். காதுக்கு வாங்கும்போது மட்டும் நாமே முடிவு செய்வானேன்?

அந்த வாரமே நண்பரும் நாமும் பேருந்து நிலையத்திற்கு அருகிலுள்ள ஒரு கடைக்கு, பெரியவரையும் உடன் அழைத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் வழக்கம்போல் அழகுப் பெட்டியையே முன்னால் எடுத்து வைத்தார். "இது இப்ப நல்லா ஓடுதுங்க பாய். கிப்ட்டுக்கு எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார். போட்டுக் காட்டச் சொன்னோம். "கடைக்குள்ள சரியா எடுக்காதுங்க. வீட்டுல போட்டா ஜம்முனு எடுக்கும்" என்றார். கீழ்த்தட்டிலிருந்த கறுப்புப் பெட்டியைக் கேட்டோம். அது கடைக்குள்ளேயே எடுத்தது. செய்தி நேரம். பெரியவர் பெட்டியிலிருந்து நான்கு அடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டார். வாசித்து முடியும்வரை எவரும் பேசவில்லை.

"நீலகிரியில மழையாமே" என்றார் மகனைப் பார்த்து.

பழைய பாணிப் பெட்டி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. சன்னலோரத்தில் இருந்து கூடத்து அலமாரிக்குப் போய்விட்டது. வருகிறவர்கள் அதைப் பார்த்து அழகாக இருக்கிறதென்று சொல்கிறார்கள். கறுப்புப் பெட்டியைப் பற்றி எவரும் ஒன்றும் சொல்வதில்லை. அது பெரியவரின் கட்டிலருகே இருக்கிறது. அதிகாலைத் தொழுகை முடிந்ததும் அவர் கை நீட்டித் திருகுவது அதைத்தான்.